பீகிள் வளர்க்கிறீர்களா? தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

பெங்களூரு பக்கத்திலேயே இருப்பதால் ஓசூருக்கும், அங்கிருந்து கிருஷ்ணகிரி, தர்மபுரிக்கும் பீகிள் இன நாய்க்குட்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. தொங்கும் காதையும் கெஞ்சும் கண்ணையும் பார்த்து ஆசையாக வாங்கிவிடுகிறார்கள். ஆறு மாதம் போனதும் புலம்பல் தொடங்குகிறது: சொன்ன பேச்சு கேட்கவில்லை, கேட்டைத் திறந்தால் ஓடுகிறது, அடுப்படியில் எதையும் வைக்க முடியவில்லை. இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம் அதன் மூக்கு. கீழே உள்ள பதில்கள் அந்த மூக்கை மனதில் வைத்து எழுதியவை.

பீகிளும் வேட்டை நாய், சிப்பிப்பாறையும் வேட்டை நாய். பிறகு ஏன் இரண்டும் இவ்வளவு வேறாக இருக்கின்றன?

சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாய்கள் கண்ணால் வேட்டையாடுபவை. தூரத்தில் அசைவதைப் பார்த்ததும் பாய்ந்து, சில நிமிட ஓட்டத்தில் காரியத்தை முடித்துவிடும். அதற்கேற்ற நீண்ட கால், ஒடுங்கிய வயிறு. பீகிள் இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காகக் கூட்டமாக வளர்க்கப்பட்டது. இன்றைய பீகிளின் அடித்தளம் 1830-களில் எசெக்ஸ் பகுதியில் ஹனிவுட் என்ற பாதிரியார் திரட்டிய கூட்டம் என்பார்கள். வேட்டைக்காரர்கள் பின்னால் நடந்து வர, நாய்கள் தரையில் மூக்கை வைத்து, முயல் போன தடத்தை மணிக்கணக்கில் விடாமல் தொடரும். கண்ணுக்கு எட்டாத முயலையும் தேடிப் போகும்.

மனித மூக்கில் மோப்ப உணர்வணுக்கள் சுமார் 50 லட்சம். பீகிளுக்கு 20 கோடிக்கு மேல். ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு சுண்டெலியை விட்டுப் பார்த்தார்கள். பீகிள்கள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தன. ஃபாக்ஸ் டெரியர்களுக்குக் கால் மணி நேரம் ஆனது. ஸ்காட்டிஷ் டெரியர்களால் முடியவே இல்லை.

நம்ம ஊர்க்காரர்களுக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டியில் ஒளிந்திருக்கும் பழம், இறைச்சி ஆகியவற்றைப் பிடிக்க 1984-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பீகிள் படை தொடங்கப்பட்டது. அந்த நாய்களுக்கு முதலில் கற்றுத்தரும் ஐந்து வாசனைகள் ஆப்பிள், எலுமிச்சை வகைப் பழங்கள், மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, மாம்பழம். கிருஷ்ணகிரியில் மே மாதம் ஒரு பீகிள் எப்படித் தவிக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முட்டாள் நாயா, திமிரா?

இரண்டும் இல்லை. மூக்கு ஒரு தடத்தில் இறங்கிவிட்டால் காதில் எதுவும் ஏறாது. கூட்டத்தோடு ஓடி, மனிதரின் கட்டளைக்குக் காத்திராமல் தானே முடிவெடுக்க வேண்டும் என்றுதான் பல தலைமுறைகளாக அதைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். அடித்தால் உங்களிடம் வருவதற்குப் பயப்படும், அவ்வளவுதான்.

தீனிக்கு எதையும் செய்யும் நாய் இது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் அமைதியான இடத்தில் பெயரைச் சொல்லி, வந்ததும் வேகவைத்த கோழித்துண்டு ஒன்று. பிறகு வாசலில், பிறகு தெருவில். திட்டுவதற்காகவோ குளிப்பாட்டுவதற்காகவோ ஒருபோதும் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அப்போது நீங்களே போய்த் தூக்கி வந்துவிடுங்கள். இத்தனை செய்தாலும் திறந்தவெளியில் நூற்றுக்கு நூறு திரும்பி வரும் என்று நம்பக் கூடாது.

தோட்டத்துக் கொட்டாய்க்குக் காவலாக வாங்கலாமா?

வாங்காதீர்கள். புதியவர் வந்தால் ஒரு சத்தம் போடும், பிறகு வாலை ஆட்டிக்கொண்டு அவர் பையை மோந்து பார்க்கும். காவலுக்கு நம் நாட்டு நாய் போதும், பல மடங்கு மேல். பீகிளைத் தோட்டத்தில் சங்கிலியில் தனியே கட்டிப் போடுவது பெரிய கொடுமை. கூட்டத்தில் வாழப் பிறந்த உயிர் அது. ஆள் இல்லாமல் நாள் முழுக்கக் கிடந்தால் ஊளையிடும், மண்ணைத் தோண்டும், கதவைக் கடிக்கும். காலையில் போய் இரவு திரும்பும் வீடு என்றாலும் இதே நிலைதான்.

ராத்திரியில் ஊளையிடுகிறது. 'வீட்டுக்கு ஆகாது, யாரையோ கூட்டிட்டுப் போகப் போகுது' என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சண்டைக்கு வருகிறார். என்ன செய்வது?

பாட்டியிடம் சண்டை வேண்டாம். நாய் ஊளையிட்டால் கெட்டது நடக்கும் என்று கேட்டே வளர்ந்தவர் அவர், பயம் உண்மையானது. பீகிளின் குரலே அப்படி நீண்டது என்று பகலில் ஒருமுறை நாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். தடம் கிடைத்ததும் பின்னால் வரும் ஆட்களுக்குத் தெரிவிக்க வேண்டிய குரல் அது, கிலோமீட்டர் கணக்கில் கேட்க வேண்டும் என்பதற்காகவே வளர்த்தார்கள். பாட்டி கையால் ஒரு பிஸ்கட் கொடுக்க வைத்தால் பாதிப் பகை தீரும்.

மீதிப் பாதி உங்கள் கையில். இரவு ஊளைக்குப் பெரும்பாலும் தனிமைதான் காரணம். மாடியிலோ வராண்டாவிலோ தனியே விடாமல் வீட்டுக்குள், உங்கள் குரல் கேட்கும் தூரத்தில் படுக்க வையுங்கள். படுக்கும் முன் அரை மணி நேரம் மோப்ப நடை. கத்தும்போது ஓடிப்போய்த் தின்பண்டம் கொடுத்து அடக்கினால் கத்தினால் தின்பண்டம் வரும் என்று கற்றுக்கொள்ளும். ஓசூர் அடுக்குமாடிகளில் இருப்பவர்கள், முழு அமைதி வேண்டும் என்றால் இந்த இனத்தை எடுக்கவே வேண்டாம்.

குழந்தைகள், ஆடு, கோழி இருக்கும் வீட்டுக்குச் சரிப்படுமா?

குழந்தைகளோடு மிக நன்றாகப் பழகும். இவ்வளவு சாந்தமான வேட்டை நாய் அரிது. அந்தச் சாந்தமே அதற்கு வினையாகவும் ஆனது: ஊசி குத்தினாலும் எதிர்க்காது என்பதால்தான் உலகெங்கும் ஆய்வகச் சோதனைகளுக்கு அதிகம் பயன்பட்ட நாய் இனம் பீகிள். அழகுசாதனப் பொருள்களை விலங்குகளிடம் சோதிப்பதை இந்தியா 2014-ல் தடை செய்தது. மருந்துச் சோதனைகள் தொடர்கின்றன. அங்கிருந்து விடுவிக்கப்பட்ட பீகிள்கள் தத்துக்கு வருவதுண்டு. பொறுமை உள்ளவர்கள் அவற்றை எடுத்து வளர்த்தால் பெரிய புண்ணியம். புல்லையும் படிக்கட்டையும் முதன்முதலாகப் பார்க்கும் நாய்க்கு மாதக்கணக்கில் அவகாசம் தர வேண்டியிருக்கும்.

சாப்பிடும்போது மட்டும் குழந்தையையும் நாயையும் பிரித்து வையுங்கள். ஆட்டோடு பழகிவிடும். கோழியிடம் மட்டும் அதை நம்பி விடாதீர்கள்.

எங்களுக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. அவிழ்த்து விட்டால் தாராளமாக ஓடாதா?

ஓடும். நான்காவது ஏக்கருக்கும் ஓடும். சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலை எங்கே வருகிறது என்று அதற்குத் தெரியாது.

இந்த இரண்டு மாவட்டங்களில் மூக்கைத் தரையில் வைத்து ஓடும் நாய்க்கு ஆபத்துகள் அதிகம். முதலாவது கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாத தரைமட்டக் கிணறுகள் எத்தனை இருக்கின்றன என்று நமக்கே தெரியும். தடத்தில் போகும் பீகிள் முன்னால் பார்க்காது. உங்கள் நிலத்துக் கிணற்றைச் சுற்றி முதலில் வேலி போடுங்கள், நாயை அப்புறம் வாங்கலாம்.

இரண்டாவது காட்டோரம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் இருப்பவர்களுக்கு யானையும் சிறுத்தையும் புதிதில்லை. யானையைப் பார்த்துக் குரைத்துவிட்டு நாய் ஓடி வருவது உங்களை நோக்கித்தான். சிறுத்தைக்கு 10 கிலோ நாய் சுலபமான இரை. இரவில் கட்டாயம் வீட்டுக்குள் இருக்க வேண்டும். காட்டுப்பன்றிக்காகச் சிலர் சட்டவிரோதமாகத் தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடியும், வேலியில் இழுத்துவிடும் மின்சாரமும் அதைவிடக் கொடியவை. வாசனை வந்தால் வாய் வைக்கும் நாய் இது.

மூன்றாவது பாம்பு. புதருக்குள் முகத்தை நுழைப்பதால் கடி முகத்தில்தான் விழும். கட்டுப் போடுவது, கீறிவிடுவது, பச்சிலை வைப்பது எதுவும் வேண்டாம். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு நேராகக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். நச்சு முறிவு மருந்து நாய்க்கும் பயன்படும். எங்கே கிடைக்கும் என்று இன்றே விசாரித்து வையுங்கள்.

ஆகவே கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை, அதில் 10 மீட்டர் நீளக் கயிறு. அந்தக் கயிற்றின் தூரம் அதற்குப் போதுமான சுதந்திரம். அவிழ்த்து விட வேண்டும் என்றால் நாலு பக்கமும் ஐந்தடி வேலி, அடியில் ஒரு முழம் மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டும். எகிறிக் குதிப்பதைவிடத் தோண்டிப் போவதில் கெட்டி.

மூக்குக்கு வேலை கொடுங்கள் என்கிறீர்கள். அது எப்படி?

எனக்குப் பிடித்த கேள்வி இது. பீகிளை ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் களைக்க வைப்பதைவிட இருபது நிமிடம் மோந்து பார்க்க விட்டால் அதிகம் களைக்கும், நிம்மதியாகத் தூங்கும்.

சுலபமானதிலிருந்து தொடங்கலாம். காலைச் சாப்பாட்டைத் தட்டில் வைக்காதீர்கள். பழைய கோணிச் சாக்கை மடித்து மடித்து, மடிப்புகளுக்குள் உலர்தீனியைப் போட்டுவிடுங்கள். ஐந்தாறு கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் மட்டும் கேரட் துண்டு வையுங்கள். முதலில் பார்க்கும்படி, பிறகு பார்க்காதபடி.

அடுத்தது தடம். ஒரு துணியில் கருவாட்டுத் துண்டைக் கட்டி, கயிற்றில் இழுத்துக்கொண்டு நிலத்தில் இருபது தப்படி நேராக நடங்கள். முடிவில் ஒரு கிண்ணத்தில் கோழித்துண்டு. கருவாடு வாசனைக்கு மட்டும்தான், உப்பு அதிகம் என்பதால் தின்னக் கொடுக்க வேண்டாம். நாயைத் தொடக்கத்தில் கொண்டுவந்து, நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் பின்னால் போங்கள். வழி தவறினால் திருத்த வேண்டாம். நின்றுகொள்ளுங்கள், அதுவே வட்டமடித்துத் தடத்தைப் பிடிக்கும். பழகியதும் ஒரு வளைவு, பிறகு இரண்டு, பிறகு தடம் போட்டு அரை மணி கழித்துத் தேடல். பனி ஈரம் இருக்கும் காலையில் வாசனை தரையோடு தங்கும். மாசி, பங்குனி நண்பகலில் மண் காய்ந்து கிடக்கும்போது நாய்க்கும் கஷ்டம்.

தினசரி நடையிலும் 'வா, வா' என்று இழுக்காதீர்கள். ஒரு மின்கம்பத்தை மூன்று நிமிடம் மோந்து பார்த்தால் பார்க்கட்டும்.

முயல் பிடிக்கப் பழக்கலாமா?

கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி காட்டு முயலை வேட்டையாடுவது குற்றம். நாயை விட்டுப் பிடித்தாலும் குற்றம்தான்.

களி கொடுக்கலாமா? எவ்வளவு போட்டாலும் பசியாகவே இருக்கிறதே?

எவ்வளவு போட்டாலும் தின்னும். வயிறு நிறைந்தது என்று சொல்லத் தெரியாத இனம். வளர்ந்த பீகிள் 9 முதல் 14 கிலோவுக்குள் இருக்க வேண்டும். நம்ம பக்கம் 18, 20 கிலோ பீகிள்களைச் சாதாரணமாகப் பார்க்க முடிகிறது, 'நல்லா கொழுகொழுன்னு இருக்கு' என்று பெருமைப்படுகிறார்கள். முதுகுவட்டுச் சிக்கல் வர வாய்ப்புள்ள இந்த இனத்துக்கு இவ்வளவு எடை முதுகெலும்பு வட்டுகளைப் பிதுக்கிப் பின்னங்கால்களை முடக்கிவிடலாம். விலாவில் கை வைத்தால் எலும்புகள் லேசாகத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். கருத்தடை செய்த 12 கிலோ பீகிளுக்கு நாளொன்றுக்கு சுமார் 650 முதல் 700 கலோரி போதும், பிஸ்கட்டும் அதில் அடக்கம்.

கேவுரு களி, கூழ் கொடுக்கலாம், உப்பில்லாமல். ஆனால் தட்டில் பாதிக்கு மேல் களி இருக்கக் கூடாது. கோழி, முட்டை போன்றவற்றில் ஏதாவது ஒன்று தினமும் வேண்டும். வேகவைத்த பூசணி, பீன்ஸ், கேரட் சேர்த்தால் எடை ஏறாமல் வயிறு நிறையும். வீட்டுச் சாப்பாட்டில் சுண்ணாம்புச்சத்தும் மற்றச் சத்துகளும் சரியான அளவில் அமைவது கடினம், மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். குட்டிக்கு ஒரு வயது வரை குட்டிகளுக்கான உலர்தீனியே பாதுகாப்பு.

இனி, கொடுக்கவே கூடாதவை. நம் மாவட்டங்களில் முதலில் சொல்ல வேண்டியது மாங்கொட்டை. சீசனில் தெருவெங்கும் சப்பிப் போட்ட கொட்டை கிடக்கும். பீகிள் முழுசாக விழுங்கிவிடும், அது குடலில் அடைத்துக்கொள்ளும். விழுங்கியதைப் பார்த்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். பார்க்கத் தவறியிருந்தாலும், சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகி, மலம் போகாமல், வயிற்றைத் தொட விடாமல் இருந்தால் அன்றே எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்க வேண்டும். தாமதித்தால் குடல் அழுகும். பெங்களூரா மாங்காய் ஏற்றும் மண்டிகளின் பக்கம் ஏப்ரல் முதல் ஜூலை வரை நடையே வேண்டாம். மாம்பழச் சதை இரண்டு துண்டு கொடுத்தால் தப்பில்லை.

அடுத்தது திராட்சையும் உலர்திராட்சையும். பாயசத்தில், சர்க்கரைப் பொங்கலில் போடுகிறோமே, அதே உலர்திராட்சைதான். நாயின் சிறுநீரகத்தைச் சில நாளில் செயலிழக்கச் செய்யக்கூடியது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். அந்த அமிலம் நம்ம ஊரில் மூட்டை மூட்டையாக விளையும் புளியில் ஏராளம். எனவே புளிக்குழம்புச் சோறும் புளிசாதமும் நாய்க்கு வேண்டாம், புளி காயவைக்கும் களத்தில் நாயை விடவும் வேண்டாம். வெங்காயம், சாக்லேட், சர்க்கரை இல்லாத மிட்டாய்களில் வரும் சைலிட்டால், வேகவைத்த கோழி எலும்பு ஆகியவையும் கூடாது. பூச்சிமருந்தும் எலிமருந்தும் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். ஓசூர் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர்கள் மருந்து தெளித்த அன்று நாயை உள்ளே விடாதீர்கள்.

காது நாறுகிறது, தலையை உதறிக்கொண்டே இருக்கிறது.

தொங்கும் காதுக்குள் காற்றுப் புகாது, ஈரம் தங்கும், பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒருமுறை காதைத் தூக்கி மோந்து பாருங்கள். மருத்துவர் தரும் காது கழுவும் மருந்தை விட்டு, அடிப்பகுதியைப் பிசைந்து, நாயை உதற விட்டு, வெளியே வருவதைப் பஞ்சால் துடைக்க வேண்டும். குச்சி விட்டுக் குடையாதீர்கள். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் காய்ச்சி ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சிவந்து, கறுப்பாகச் சீழ் வந்தால் பரிசோதித்த பிறகே மருந்து.

உண்ணிக் காய்ச்சல் என்று பயமுறுத்துகிறார்களே?

பயப்பட வேண்டியதுதான். புல்லிலும் புதரிலும் மூக்கை விடும் நாய்க்கு உண்ணி நிச்சயம் ஏறும். அது பரப்பும் எர்லிக்கியா, பபீசியா கிருமிகள் தமிழ்நாட்டில் வருடம் முழுக்க உண்டு. தட்டைத் திரும்பிப் பார்க்காத பீகிள் என்றால் அதுவே முதல் எச்சரிக்கை. காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம் வடிதல், வயிற்றில் சிவப்புப் புள்ளிகள் இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனை. எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் சுமார் நான்கு வாரம் தருவார்கள். ஒரு வாரத்தில் நாய் துள்ளிக் குதித்தாலும் மருந்தை நிறுத்தக் கூடாது.

தினமும் காது மடிப்பு, விரல் இடுக்கு, அக்குள் பார்த்து உண்ணி எடுங்கள். மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தை அளவு தெரியாமல் நாய்க்குத் தேய்ப்பது உயிருக்கே ஆபத்து. உண்ணிக்கு வாய்வழி மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் அவற்றில் சில வலிப்பு உள்ள நாய்க்கு ஏற்றவை அல்ல. பீகிளுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், ஒருமுறை வந்திருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே வாங்குங்கள்.

வலிப்பு வந்தால் என்ன செய்வது?

இரும்புச் சாவியை வைக்காதீர்கள், வாய்க்குள் கை விடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பக்கத்தில் இடிக்கக்கூடிய பொருள்களை நகர்த்திவிட்டு, நேரம் பார்த்து, முடிந்தால் கைப்பேசியில் படம் பிடியுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் மறுபடி வந்தாலோ அவசரம். மாத்திரை தொடங்கினால் ஒருவேளையும் தவறக் கூடாது. சரியாக மருந்து எடுக்கும் பல நாய்கள் நல்லபடியாக வாழ்கின்றன.

இன்னொன்று: நின்றபடியே கழுத்தை நீட்டி, மூக்கால் உர் உர் என்று காற்றை உள்ளே இழுத்துத் திணறுவது போலச் செய்யும். பார்க்கப் பயமாக இருக்கும். தலைகீழ்த் தும்மல் அது. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானே நின்றுவிடும். தொண்டையை மெல்லத் தடவிக்கொடுத்தால் போதும். அடிக்கடி வந்தால் மட்டும் காட்டுங்கள்.

தர்மபுரி வெயிலைத் தாங்குமா?

ஓசூர், தளி பக்கம் கவலை குறைவு. தர்மபுரி, அரூர், ஊத்தங்கரை வெயிலில் சித்திரை, வைகாசியில் காலை ஏழுக்குள் நடையை முடித்துவிடுங்கள். மாலையில் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு வினாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது. மிகுந்த இரைப்பு, தள்ளாட்டம், ஈறு செங்கல் நிறம் என்றால் நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். கனத்த ஈரத்துண்டைப் போர்த்தி மூட வேண்டாம், சூடு வெளியேறாது.

குட்டி வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பது 2017-ல் வந்த நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை விதிகளின்படி குற்றம். 35 நாள் குட்டியைப் பேருந்தில் அனுப்புகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். தாயைப் பாருங்கள். குட்டியின் பெற்றோருக்கு வலிப்பு உண்டா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். 'பாக்கெட் பீகிள்' என்று குட்டையான தனி இனம் கிடையாது. வாலின் நுனி வெள்ளையாக இருக்கும். உயரப் புல்லுக்குள் நாய் இருக்கும் இடம் தெரிய வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்து வந்த அடையாளம் அது.

ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசி தொடங்கி, 16 வாரம் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் தொடர வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி மூன்றாம் மாதம், பிறகு ஆண்டுதோறும். அரசு கால்நடை மருந்தகங்களிலும் போடலாம். அறுவை சிகிச்சை போன்ற பெரிய சிக்கல் என்றால் தர்மபுரிக்காரர்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, ஓசூர்காரர்களுக்குப் பெங்களூரு ஹெப்பாலில் உள்ள கல்லூரி. பீகிள் 12 முதல் 15 வருடம் வாழும். இப்போது பத்தாவது படிக்கும் பிள்ளைக்காக வாங்கினால், அந்தப் பிள்ளை வேலைக்குப் போன பிறகு யார் பார்த்துக்கொள்வது என்பதையும் வீட்டில் பேசிவிடுங்கள்.

காணாமல் போய்விட்டது. எங்கே தேடுவது?

கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து தொடங்குங்கள். தடம் முடிந்ததும் தான் வந்த வழியையே மோந்துகொண்டு திரும்பும் பீகிள்கள் உண்டு. அந்த இடத்தில் நீங்கள் துவைக்காமல் போட்டிருந்த சட்டையையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் வைத்து, ஒருவரை அங்கேயே உட்கார வையுங்கள். மற்றவர்கள் முதலில் கிணறுகளைப் பார்க்கட்டும். ஆடு மேய்ப்பவர்கள், பால் சொசைட்டிக்குக் காலையில் வருபவர்கள், டீக்கடை, கறிக்கடை, கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டு, எல்லோரிடமும் படத்தைக் காட்டிச் சொல்லி வையுங்கள். கண்ணில் பட்டால் துரத்தக் கூடாது. தரையில் உட்கார்ந்து, பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு, தீனி டப்பாவை ஆட்டுங்கள். வந்ததும் மார்புப் பட்டையை மாட்டிவிட்டு, உடம்பு முழுக்க உண்ணியும் கடித் தழும்பும் பாருங்கள். தெருநாய் கடித்த தடயம் இருந்தால், வருட ஊசி போட்டிருந்தாலும், புண்ணைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.